ஓட்டைக் குழாய்க்குள் ஒரு புதுக் குழாய்: எண்டோலீக் என்னும் கசிவைத் துரத்திய கதை

ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் எதனால் இறந்தார் தெரியுமா?

மாரடைப்பு இல்லை. பக்கவாதம் இல்லை. வயிற்றுக்குள் ஓடும் பெரிய ரத்தக் குழாய் வெடித்து இறந்தார்.

1948 டிசம்பர். நியூயார்க் புரூக்ளினில் ஒரு மருத்துவமனை. ருடால்ஃப் நிஸ்ஸன் என்ற சர்ஜன் ஐன்ஸ்டீனின் வயிற்றைத் திறந்து பார்க்கிறார். அயோர்ட்டா பம்ப்ளிமாஸ் பழம் அளவுக்கு வீங்கி நிற்கிறது. அந்தக் காலத்தில் அதை வெட்டி எடுத்து மாற்ற வழியில்லை. அதனால் நிஸ்ஸன் வீக்கத்தின் மேல் செலோஃபேன் காகிதத்தைச் சுற்றினார். ஆமாங்க, மிட்டாய் சுற்றி வருமே, அதே செலோஃபேன்தான். அது திசுவை உறுத்தும், உறுத்தினால் தழும்பு கட்டும், தழும்பு சுவரைக் கெட்டியாக்கும். கணக்கு அவ்வளவுதான்.

ஐன்ஸ்டீன் அதன்பிறகு ஆறு வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார். 1955 ஏப்ரலில் வீக்கம் வெடித்தது. மறுபடி ஆபரேஷன் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். ஏப்ரல் 18 அன்று காலமானார்.

இந்தக் கதையைப் பலரும் கேட்டிருப்பீர்கள். நான் கேட்க வருவது வேறு கேள்வி.

அந்த ஆறு வருஷமும் செலோஃபேனுக்கு அடியில் வீக்கம் என்ன செய்துகொண்டிருந்தது? சுருங்கியதா, வளர்ந்ததா, அப்படியே நின்றதா?

துல்லியமாக யாருக்கும் தெரியாது. இன்றுபோல அளந்து பார்க்க வழியும் இல்லை. டாக்டர் வயிற்றில் கை வைத்து அமுக்கிப் பார்ப்பதுதான் முக்கியப் பரிசோதனை. வயிற்றை ஸ்கேன் செய்யும் அல்ட்ராசவுண்டு இல்லை. மனிதரில் முதல் சிடி ஸ்கேன் எடுத்ததே 1971ல்தான்.

ரிப்பேர் செய்தாச்சு, சரி. அது நிலைத்து நிற்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இந்த இழை முழுக்க இந்த ஒரு கேள்வியின் வரலாறுதான். கொஞ்சம் நீளம். ஒரு டீ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் நோய் என்னவென்று பார்த்துவிடுவோம்.

இதயத்திலிருந்து கிளம்பி நெஞ்சு வழியாக வயிற்றுக்கு இறங்கும் மெயின் பைப்தான் அயோர்ட்டா. வயிற்றுப் பகுதியில் அதன் விட்டம் சுமார் 2 செ.மீ. இருக்கும். வயது, புகைபிடித்தல், ரத்தக் கொதிப்பு, பரம்பரை ஆகியவற்றால் சிலருக்கு அதன் சுவர் நைந்து போகும். தேய்ந்த டயர் வழியாக சைக்கிள் டியூப் புடைத்துக்கொண்டு வருமே, அதைப்போல ஓரிடத்தில் உப்பும். 3 செ.மீ.க்கு மேல் போனால் அனியூரிசம். ஆண்களுக்கு 5.5 செ.மீ. வந்தால் பொதுவாக ரிப்பேர் பற்றிப் பேச ஆரம்பிப்போம். உள்ளே ஓடும் ரத்தத்தின் அழுத்தம் ஒன்றாகவே இருந்தாலும், குழாய் பெரிதாகப் பெரிதாகச் சுவர் தாங்கவேண்டிய இழுவிசை கூடும். அதனால்தான் பெரிய வீக்கம் சீக்கிரம் வெடிக்கும். வெடித்தால் பெரும்பாலானோர் பிழைப்பதில்லை.

வெடிக்கும் வரை பெரும்பாலும் அறிகுறியே இருக்காது என்பதுதான் இதில் கொடுமை.

1951 மார்ச்சில் பாரிஸில் சார்லஸ் டுபோஸ்ட் என்ற சர்ஜன், வீங்கிய பகுதியை எடுத்துவிட்டு இறந்த ஒருவரின் அயோர்ட்டாவை அங்கே தைத்தார். அடுத்த சில ஆண்டுகளில் செயற்கைத் துணிக் குழாய்கள் வந்தன. அமெரிக்காவின் மைக்கேல் டிபேக்கி டேக்ரான் துணியைத் தன் மனைவியின் தையல் மெஷினில் தைத்துக் குழாய் செய்தது மருத்துவ உலகில் பிரபலமான கதை. ஐன்ஸ்டீன் இறந்த சமயத்தில் இந்த வகை ஆபரேஷன் நடக்க ஆரம்பித்திருந்தது.

இந்தத் திறந்த ஆபரேஷனில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வீக்கத்தை வெட்டித் திறக்கிறார்கள். பக்கவாட்டில் ரத்தம் கொண்டுவரும் சின்னக் குழாய்களை உள்ளிருந்தே தைத்து மூடுகிறார்கள். புதுக் குழாயை மேலும் கீழும் கையால் தைக்கிறார்கள். வீக்கம் என்ற பை அங்கேயே முடிந்துபோகிறது. ஆபரேஷன் பெரியது, ஆபத்தானது, வலி அதிகம். ஆனால் தாண்டி வந்துவிட்டால் அநேகமாக அதோடு கதை முடிந்தது.

வயது 75, நுரையீரல் பாதி வேலை செய்யவில்லை, ஏற்கெனவே ஒரு ஹார்ட் அட்டாக் வந்தவர் என்றால் என்ன செய்வது? அவரால் இந்த ஆபரேஷனைத் தாங்க முடியாது. வெடிக்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இந்த இடத்தில்தான் அர்ஜென்டினாவின் ஹுவான் பரோடி வருகிறார். 

வயிற்றையே திறக்காமல், தொடை இடுக்கில் இருக்கும் ரத்தக் குழாய் வழியாக ஒரு துணிக் குழாயை மடித்து மேலே அனுப்பி, அயோர்ட்டாவுக்குள் விரித்து, உலோக ஸ்டென்ட்டால் சுவரோடு அழுத்திப் பிடிக்க வைத்தால் என்ன? இதுதான் அவருடைய யோசனை. இன்னொரு அர்ஜென்டினாக்காரரான ஹூலியோ பால்மாஸ் உருவாக்கிய பலூன் ஸ்டென்ட் கையில் கிடைத்ததும் யோசனை நடைமுறைக்கு வந்தது. 1990 செப்டம்பர் 7, புவெனோஸ் ஐரெஸ். முதல் நோயாளிக்கு வெற்றிகரமாக வைக்கப்பட்டது. 1991ல் ஐந்து நோயாளிகளின் விவரத்தோடு அவர் கட்டுரை எழுத, உலகம் முழுக்க சர்ஜன்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஒரு சின்ன இடைச்செருகல். இதற்கு மூன்றரை ஆண்டு முன்பே, 1987 மார்ச்சில், அன்றைய சோவியத் உக்ரைனின் கார்கிவ் நகரில் நிக்கோலாய் வொலோடோஸ் என்ற சர்ஜன் நெஞ்சுப் பகுதி அயோர்ட்டாவில் இதே மாதிரியான சிகிச்சையைச் செய்துவிட்டார். எழுதியது ரஷ்ய மொழியில். மேற்கு நாடுகளில் யாரும் படிக்கவில்லை. முதலில் செய்தவருக்குப் பெயர் கிடைக்க அநியாயத்துக்குத் தாமதமானது. நமக்குப் புதிதா என்ன!

சரி, விஷயத்துக்கு வருவோம்.

பரோடியின் முறையில் வீக்கத்தை யாரும் வெட்டி எடுக்கவில்லை. அது வயிற்றிலேயே இருக்கிறது. உள்ளே புதுக் குழாய் ஓடுகிறது, அவ்வளவே. உங்கள் வீட்டுச் சுவருக்குள் துருப்பிடித்த இரும்பு பைப் இருக்கிறது. சுவரை உடைக்காமல் அதற்குள்ளேயே ஒரு பிவிசி பைப்பைச் செருகிவிட்டார் பிளம்பர். இனி தண்ணீர் புது பைப்பில்தான் போகும், பழைய பைப்பில் அழுத்தம் இருக்காது, அது பாட்டுக்குக் கிடக்கட்டும் என்கிறார். அருமையான வேலைதான். ஆனால் இரண்டு பைப்புக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் தண்ணீர் இறங்கினால்?

இறங்கத்தான் செய்தது. ஆரம்ப காலத்தில் பரோடியே குழாயின் மேல் முனையில் மட்டும் ஸ்டென்ட் வைத்தார். கீழ் முனை தானாகவே ஒட்டிக்கொள்ளும் என்பது எதிர்பார்ப்பு. ஒட்டவில்லை. கீழிருந்து ரத்தம் திரும்பிப் பைக்குள் ஏறியது. கீழேயும் ஒரு ஸ்டென்ட் வேண்டும் என்று தெரிந்தது.

90களின் நடுவில் பல நாடுகளில் இந்தச் சிகிச்சை பரவிவிட்டது. ஆளாளுக்கு இந்தக் கசிவை ஒவ்வொரு பெயரில் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் லீக் என்பார், ஒருவர் முழுமையாக அடைபடவில்லை என்பார். ஒருவர் எண்ணிக்கையை இன்னொருவர் எண்ணிக்கையோடு ஒப்பிடவே முடியாது.

1996ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் ஜெஃப்ரி ஒயிட், வெய்யுன் யு, ஜேம்ஸ் மே ஆகியோர் ஒரு சிறிய கடிதம் எழுதினார்கள். இதற்கு "எண்டோலீக்" என்று பெயர் வைப்போம் என்றார்கள். குழாய்க்கு வெளியே, ஆனால் பைக்கு உள்ளே ஓடும் ரத்தம். உடலுக்குள் ரத்தம் கொட்டுவது இல்லை இது. பைக்குள்ளேயே நடக்கும் உட்கசிவு. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் அதை வகை பிரித்தார்கள். இன்றும் ரேடியாலஜி ரிப்போர்ட்டில் நீங்கள் பார்க்கும் வகைகள் அவைதான்.

முதல் வகை: புதுக் குழாயின் மேல் வாய் அல்லது கீழ் வாய் சுவரோடு சரியாக உட்காரவில்லை. அயோர்ட்டாவின் முழு அழுத்தமும் நேராகப் பைக்குள் இறங்கும். இது எமர்ஜென்சிக்கு ஒப்பானது. பார்த்தால் சரிசெய்ய வேண்டும், காத்திருக்கக் கூடாது.

இரண்டாம் வகை: மெயின் பைப்பை நீங்கள் அடைத்துவிட்டீர்கள். ஆனால் பழைய பைப்பிலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போன சின்ன லைன்கள் அப்படியே இருக்கின்றன. அந்த வீட்டுத் தொட்டியிலிருந்து தண்ணீர் ரிவர்ஸில் வருகிறது. முதுகெலும்புப் பக்கம் போகும் லம்பார் குழாய்கள், குடலுக்குப் போகும் ஒரு குழாய், இவை வழியாக ரத்தம் பின்னோக்கி வந்து பையை நிரப்பும். அதிகம் காணப்படுவது இதுதான். ஏறத்தாழ 10 முதல் 25 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் இருக்கும். பலருக்குத் தானாகவே உறைந்து அடைந்துவிடும்.

மூன்றாம் வகை: குழாயின் துண்டுகள் இணையும் இடம் கழன்றுவிட்டது, அல்லது துணியே கிழிந்துவிட்டது. முதல் வகையைப் போலவே ஆபத்து.

நான்காம் வகை: மண்பானை கசிவது போலத் துணியின் நுண்துளைகள் வழியாகக் கசிவது. வைத்த புதிதில் வரும், போய்விடும்.

ஐந்தாவது ஒரு விசித்திரம். ஸ்கேனில் எந்தக் கசிவும் தெரியாது. ஆனால் பை மட்டும் வளரும். சுவர் ஈரமாகிறது, ஓட்டை எங்கே என்று தெரியவில்லை என்பது மாதிரி. எண்டோடென்ஷன் என்று பெயர் வைத்தார்கள். எக்ஸ்க்ளூடர் என்ற கிராஃப்டின் ஆரம்ப கால மாடலில் நீர் மெல்ல ஊடுருவிப் பை பெரிதாவது தெரிந்தபின், 2004ல் ஊடுருவல் குறைந்த துணிக்கு மாற்றினார்கள். ஆக, பேய் இல்லை. பார்க்கும் கண் போதவில்லை, அவ்வளவுதான்.

இப்போது கேள்வி, இவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது?

சிடி ஆஞ்சியோ. கையில் டை ஊசி போட்டு எடுக்கும் சிடி. அதுவும் ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. ஏன் மூன்று என்று நோயாளிகள் கேட்பது நியாயமான கேள்வி. டை போடும் முன் ஒன்று: பைக்குள் ஏற்கெனவே வெள்ளையாகத் தெரியும் கால்சியத்தை, கசிந்த டை என்று தவறாக நினைக்காமல் இருக்க. டை ஓடும் வேகத்திலேயே ஒன்று: முதல், மூன்றாம் வகைக் கசிவுகள் உடனே தெரியும். ஒன்றிரண்டு நிமிடம் கழித்து இன்னொன்று: சுற்று வழியில் மெதுவாக வந்து சேரும் இரண்டாம் வகைக் கசிவு இதில்தான் பிடிபடும். கூடவே ஒரு சாதாரண எக்ஸ்ரே. கம்பி உடைந்திருக்கிறதா, குழாய் கீழே நழுவியிருக்கிறதா என்பது சாதாரண எக்ஸ்ரேயிலேயே நன்றாகத் தெரியும். 

அமெரிக்காவில் கிராஃப்ட்களுக்கு அனுமதி வாங்க நடந்த ஆய்வுகளில் ஓர் அட்டவணை போட்டார்கள். 1ஆம் மாதம், 6ஆம் மாதம், 12ஆம் மாதம், பிறகு ஆண்டுதோறும் சிடி, வாழ்நாள் முழுக்க. 1999 செப்டம்பரில் அங்கே முதல் இரண்டு கிராஃப்ட்களுக்கு அனுமதி கிடைத்தபோது, இந்த அட்டவணையே ஊர் உலகத்துக்கெல்லாம் பழக்கமாகிவிட்டது. ஆய்வுக்காகப் போட்ட டைம்டேபிள் வேதவாக்கானது இப்படித்தான்.

அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. ஐரோப்பிய மருத்துவமனைகள் சேர்ந்து 1996ல் யூரோஸ்டார் என்ற பதிவேட்டை ஆரம்பித்திருந்தன. 2000ல் 2,464 நோயாளிகளின் விவரம் வெளியானது. சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போனவர்களிலும் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் பேருக்கு வீக்கம் வெடித்தது. அன்றைய முதல் தலைமுறை கிராஃப்ட்களில் தையல் அறுந்தது, கம்பிச் சட்டம் பிரிந்தது. நூற்றில் ஒன்று சின்ன எண்ணாகத் தெரியலாம். ஆனால் ஒவ்வொரு ஆண்டும் அந்தச் சீட்டுக் குலுக்கல் நடக்கும் என்பதை யோசியுங்கள்.

அதே பதிவேடுதான் இன்னொன்றையும் காட்டியது. வெடிப்போடு தொடர்புள்ளவை முதல் வகையும் மூன்றாம் வகையும். இரண்டாம் வகைக்கு அப்படி உறுதியான தொடர்பு தெரியவில்லை. எல்லாக் கசிவும் ஒன்றல்ல.

அடுத்து நான் மிக முக்கியமாக நினைக்கும் ஆய்வு. பிரிட்டனின் ஈவார்-1. 1999 முதல் 2004 வரை 37 மருத்துவமனைகளில் 1,252 பேர். பாதிப் பேருக்குத் திறந்த ஆபரேஷன், பாதிப் பேருக்கு ஸ்டென்ட் கிராஃப்ட். 2004ல் முதல் முடிவு வந்தது. 30 நாளுக்குள் இறந்தவர்கள்: திறந்த ஆபரேஷனில் 4.7 சதவீதம், ஸ்டென்ட் கிராஃப்டில் 1.7 சதவீதம். கொண்டாடாமல் என்ன செய்வார்கள்? உலகம் முழுக்க அலை திரும்பியது.

நல்லவேளை, அந்த ஆய்வாளர்கள் கடையைக் கட்டிவிட்டுப் போகவில்லை. அதே நோயாளிகளை 15 ஆண்டுக்குத் தொடர்ந்தார்கள். 2016ல் வந்த முடிவைப் படித்தபோது எனக்கு நெஞ்சில் ஏதோ அடைத்தது போலிருந்தது.

ஆரம்பத்தில் கிடைத்த லாபம் சில ஆண்டுகளில் கரைந்துபோனது. எட்டு ஆண்டுக்குப் பிறகு, அனியூரிசம் தொடர்பான மரணம் ஸ்டென்ட் கிராஃப்ட் குழுவில்தான் அதிகம். முக்கியக் காரணம், பழைய பை மறுபடி வெடித்தது. அந்தக் காலகட்டத்தில் அப்படி இறந்தவர்கள் 13 பேர். திறந்த ஆபரேஷன் குழுவில் 2 பேர்.

எட்டு வருஷம்! யோசித்துப் பாருங்கள். 70 வயதில் வைத்துக்கொண்டவருக்கு 78. தொடையில் இருந்த சின்னத் தழும்புகூட மறைந்திருக்கும். பேரன் பேத்தி கல்யாணம் பார்த்திருப்பார். "அதெல்லாம் எப்பவோ சரியாப்போச்சு டாக்டர்" என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

நான் வாஸ்குலர் சர்ஜன் இல்லை. அரசு மருத்துவமனையில் ஓபி பார்க்கும் எம்பிபிஎஸ் டாக்டர். பிரஷர் மாத்திரை வாங்க வரும் பெரியவரிடம் முன்பு ஆபரேஷன் ஏதாவது உண்டா என்று கேட்டால் "ஸ்டென்ட் வச்சிருக்குங்க" என்பார். இதயத்திலா வயிற்றிலா என்று அடுத்து கேட்டாக வேண்டும். பலருக்கு ஸ்டென்ட் என்றால் இதய ஸ்டென்ட்தான். அதற்கு மாத்திரை சாப்பிடுவதுதான் முக்கியம். வயிற்று ஸ்டென்ட் கிராஃப்டுக்கு மாத்திரையைவிடப் படம்தான் முக்கியம். இந்த வித்தியாசத்தை டிஸ்சார்ஜ் அன்றைக்கு யாராவது உட்கார்ந்து சொன்னால் உண்டு. அன்றைக்கு அவருக்கும் வீட்டுக்குப் போகும் அவசரம், வார்டுக்கும் அடுத்த பெட் தேவைப்படும் அவசரம்.

இது நம்ம ஊர்ப் பிரச்சனை மட்டும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் மெடிகேர் காப்பீட்டில் இந்தச் சிகிச்சை பெற்ற 9,695 பேரைப் பார்த்தார்கள். 57 சதவீதம் பேர் சொன்னபடி தொடர் ஸ்கேன் எடுக்கவில்லை. காப்பீடு இருந்தும் இந்த நிலை.

அப்படியானால் எல்லோரையும் இழுத்து வந்து வருஷா வருஷம் சிடி எடுத்துவிட்டால் தீர்ந்ததா?

இங்கேதான் கதை சிக்கலாகிறது. அதே குழு அடுத்ததாக 2015ல் வெளியிட்ட முடிவு: ஸ்கேன் அட்டவணையைத் தவறவிட்டவர்கள், ஒழுங்காக எடுத்தவர்களைவிட மோசமாகப் போய்விடவில்லை! என்னைப்போல "செக்கப்புக்கு வாங்க, செக்கப்புக்கு வாங்க" என்று கத்துபவர்களுக்கு முகத்தில் தண்ணீர் தெளித்த மாதிரி.

இதைப் படித்துவிட்டு "அப்போ ஸ்கேனே வேண்டாம்" என்று கிளம்பிவிடாதீர்கள். பிரச்சனை இருப்பவர்களுக்குத்தான் டாக்டர் அதிக ஸ்கேன் எழுதுவார். அதனால் இந்த மாதிரி ஒப்பீட்டில் தராசு கொஞ்சம் சாயும். ஆனாலும் ஒன்று புரிகிறது. எல்லோருக்கும் ஒரே அட்டவணை என்பது பலருக்குத் தேவையில்லாத ஸ்கேன், சிலருக்குப் போதாத ஸ்கேன்.

தேவையில்லாத ஸ்கேன் இலவசமும் இல்லை. ஒரு வயிற்று சிடியில் சுமார் 8 முதல் 10 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு. மூன்று கட்டம் என்றால் பெருக்கிக்கொள்ளுங்கள். ஒரு மனிதர் ஓராண்டில் இயற்கையிலிருந்து பெறுவது உலக சராசரியில் 2.4 மில்லிசீவர்ட்தான். இருந்தாலும் 75 வயதுக்காரருக்குக் கதிர்வீச்சால் 20 ஆண்டு கழித்து வரக்கூடிய புற்றுநோயைவிட, டை ஊசியால் இன்றைக்குக் கெடக்கூடிய சிறுநீரகம்தான் எனக்குப் பெரிய கவலை. இந்த நோய் வருபவர்களில் பலருக்கு பிரஷர் இருக்கும், கிரியாட்டினின் ஏற்கெனவே எல்லையில் நிற்கும்.

இந்த இடத்தில்தான் மருத்துவ உலகம் தன் கேள்வியை மாற்றிக்கொண்டது. "கசிவு இருக்கிறதா?" என்பதிலிருந்து "பை என்ன செய்கிறது?" என்பதற்கு.

கசிவு தெரிந்தாலும் பை சுருங்கிக்கொண்டே வந்தால் அழுத்தம் இல்லை என்று அர்த்தம். கசிவே தெரியாவிட்டாலும் பை வளர்ந்தால் எங்கோ அழுத்தம் போகிறது என்று அர்த்தம். பைக்குள் ஒரு சின்ன வயர்லெஸ் பிரஷர் சென்சாரையே வைத்துவிட்டால் என்ன என்று முயன்றார்கள். 2005ல் அமெரிக்காவில் அனுமதிகூடக் கிடைத்தது. வழக்கமான கவனிப்பில் அது நிலைக்கவில்லை. கடைசியில் ஜெயித்தது ஒரு ஸ்கேல்தான். பையின் விட்டத்தை அளப்பது.

அளப்பதற்கு சிடிதான் வேண்டும் என்றில்லை. நல்ல கை இருந்தால் டாப்ளர் அல்ட்ராசவுண்டு போதும். கதிர்வீச்சு இல்லை, டை இல்லை. வாயு நிறைந்த வயிறு, பருமனான உடல், அனுபவமில்லாத கை என்றால் தடுமாறும். அதற்கும் ஒரு துணை வந்தது: கையில் நுண்குமிழி ஊசி போட்டு எடுக்கும் அல்ட்ராசவுண்டு. ரத்தத்தில் ஓடும் குமிழிகள் பளிச்சென்று தெரியும். கசிவு எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று நேரலையாகவே பார்க்கலாம். வாயு மூச்சு வழியே வெளியேறிவிடும், சிறுநீரகத்துக்குச் சுமை இல்லை.

ஒரு எச்சரிக்கை. இரண்டு பேர் அளந்தால் சில மில்லிமீட்டர் மாறும். ஒருவரே இரண்டு நாள் அளந்தாலும் மாறும். அதனால் 2 மி.மீ. கூடிவிட்டது என்று ரிப்போர்ட் பார்த்துத் தூக்கம் கெட வேண்டாம். 5 மி.மீ.க்கு மேல் கூடினால் அது நிஜ வளர்ச்சி என்று எடுத்துக்கொள்வது வழக்கம். இரண்டாம் வகைக் கசிவுக்குச் சிகிச்சை பற்றி யோசிக்க 1 செ.மீ. வளர்ச்சியை அளவுகோலாக வைத்தது 2019ன் ஐரோப்பிய வழிகாட்டுதல்.

அந்த வழிகாட்டுதலில் இன்னொரு பெரிய மாற்றம். முதல் மாதத்து சிடியை வைத்தே நோயாளிகளைப் பிரித்துவிடுங்கள் என்றார்கள். 2013ல் ரோட்டர்டாம் குழு ஒன்று இதற்கு அடித்தளம் போட்டிருந்தது. முதல் சிடியில் கசிவு எதுவும் இல்லை, மேலும் கீழும் குழாய் சுவரோடு 10 மி.மீ.க்குக் குறையாமல் நன்றாக ஒட்டியிருக்கிறது என்றால் அவர் குறைந்த ஆபத்துக்காரர். அவருக்கு அடுத்த சிடியை ஐந்து ஆண்டு வரை தள்ளிவைப்பது பற்றி யோசிக்கலாம். மற்றவர்களை நெருக்கமாகப் பார்க்க வேண்டும்.

ஆனால் ஈவார்-1ன் எட்டாவது ஆண்டு ஞாபகம் இருக்கிறதா? ஐந்து ஆண்டு தள்ளலாம் என்பதன் பொருள், ஐந்தாவது ஆண்டு கட்டாயம் வரவேண்டும் என்பதுதான். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018 மே மாதம் வெளியிட்ட வரைவில், வெடிக்காத வீக்கத்துக்கு ஸ்டென்ட் கிராஃப்டே வைக்க வேண்டாம் என்கிற அளவுக்குப் போனது. சர்ஜன்கள் கொதித்தார்கள். பெரிய விவாதம். 2020 மார்ச்சில் வந்த இறுதி வடிவம் இறங்கி வந்தது. திறந்த ஆபரேஷன் முதலில், அதைத் தாங்க முடியாதவர்களுக்கு ஸ்டென்ட் கிராஃப்ட் பற்றி யோசிக்கலாம் என்றது. என் கருத்து, வரைவு ரொம்பக் கடுமை. இன்றைய கிராஃப்ட் 1999ன் கிராஃப்ட் இல்லை. ஆனால் அந்த வரைவு எழுப்பிய பயம் பொய்யில்லை.

எல்லா பிராண்டும் ஒன்று இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏஎஃப்எக்ஸ் என்ற கிராஃப்டில் மூன்றாம் வகைக் கசிவு அதிகமாக வருவதாக அமெரிக்காவின் எஃப்டிஏ பலமுறை எச்சரித்தது. அதை வைத்திருப்பவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது, வாழ்நாள் முழுக்கப் பரிசோதனை வேண்டும் என்றது. அவர்களுக்கு ஐந்தாண்டுச் சலுகை கிடையாது.

ஆகவே உங்கள் அப்பாவுக்கோ மாமாவுக்கோ வயிற்றில் ஸ்டென்ட் கிராஃப்ட் இருந்தால், வீட்டில் இரண்டு பொருட்களைத் தேடிப் பாருங்கள். ஒன்று, கிராஃப்டின் பெயரும் மாடலும் எழுதிய கார்டு அல்லது டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டிய ஸ்டிக்கர். இன்னொன்று, முதல் மாதம் எடுத்த சிடியின் சிடி தட்டு. ரிப்போர்ட் பேப்பர் மட்டும் போதாது, படம் வேண்டும். நாளைக்கு எடுக்கும் எந்த ஸ்கேனையும் டாக்டர் அதோடுதான் ஒப்பிட்டு அளப்பார்.

திடீரென்று முதுகுவலி, வயிற்றுவலி, மயக்கம் வந்தால் அட்டவணை எதையும் பார்க்க வேண்டாம். நேராகப் பெரிய மருத்துவமனை. உள்ளே நுழைந்ததும் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை "வயித்து அயோர்ட்டாவுல ஸ்டென்ட் கிராஃப்ட் வச்சிருக்கு". வெறும் "ஸ்டென்ட்" என்று சொன்னால் ஈசிஜி எடுக்கத்தான் முதலில் கூட்டிப்போவார்கள்.

அந்த சிடி தட்டு கிடைக்கவில்லை என்றால், ஸ்கேன் எடுத்த இடத்தில் கேளுங்கள். சில இடங்களில் பழைய படங்களைச் சில ஆண்டுகள் வரை கம்ப்யூட்டரில் வைத்திருப்பார்கள். காப்பி போட்டு வாங்கி, ஒரு பென்டிரைவிலும் வைத்துக்கொள்ளுங்கள்.